பஸ்ஸில் போன மக்ரூன் பெட்டி

பிள்ளைகளே, நம் டவுனுக்கே பேர் வாங்கித் தந்த முந்திரி மக்ரூன் விற்கிற கடையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா ஏன் தனியாகச் சிரிக்கிறார் என்று கேட்பீர்களே, அதற்கான காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். உங்கள் இருவரில் யாருக்கு நடந்தது என்பதை மட்டும் எழுதமாட்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் அல்லவா?

இரண்டு வருடத்துக்கு முன்பு, நம் வீட்டைச் சுற்றி நின்ற மழைத்தண்ணீர் வடிந்த வாரம் அது. உங்களில் ஒருவருக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் ரத்தமும் சேர்ந்து போனது. நான் அவசரப்பட்டு மெடிக்கலில் நானாகவே ஒரு அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டுதான் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் அதைச் சட்டைப் பைக்குள் போடச் சொன்னார். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுத்துவிட்டால் பிறகு டெஸ்டிலும் அது சரியாகத் தெரியாது, நாளைக் காலையில் மலம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு மருந்து ஆரம்பிக்கலாம் என்றார். அதுவரை உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான். சிவப்பு மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றும் தந்தார்.

இரண்டு நாளாக மணிக்கு ஒரு தரம் ஓடிய பிள்ளை, அந்த டப்பாவைக் கண்டதும் போவதை நிறுத்திவிட்டது. விடிந்ததிலிருந்து நானும் உங்கள் அம்மாவும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளையோ சுருண்டு கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. ஒன்பது மணிக்குத்தான் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பட்டதில்லை.

பைக் மழையில் மூழ்கி மெக்கானிக்கிடம் இருந்தது. பஸ்ஸில்தான் போக வேண்டும். அம்மா டப்பாவை பாலிதீன் பையில் போட்டுத் தந்தாள். அது வெளியே தெரிந்தது. உப்புக் கம்பெனியில் எடை போடுகிற என்னை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியுமே என்று கூச்சம். அலமாரியில் காலி மக்ரூன் பெட்டி ஒன்று கிடந்தது. அதற்குள் நிமிர்த்தி வைத்து, நூல் போட்டுக் கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, நிற்கிறவர் கையில் இருப்பதை உட்கார்ந்திருப்பவர் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்திருந்த ஒரு அக்கா, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் பெட்டியை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி அதை உற்றுப் பார்த்தார்.

"மக்ரூன் டவுன்லருந்துல்லா வெளிய போவும். நீ என்ன தம்பி, உள்ள கொண்டு போற?"

நியாயமான கேள்வி. கெட்டுப்போய்விட்டது, கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் முப்பது வருடம் பேக்கரியில் மக்ரூன் போட்டவராம். மழைக்காலத்தில் மக்ரூன் நமுத்துத்தான் போகும், அதைக் கெட்டது என்று சொல்லக்கூடாது, மோந்து பார்த்தாலே நான் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே நூலை அவிழ்க்க ஆரம்பித்தார். இழுத்த இழுப்பில் பெட்டி சாய்ந்தது. கவிழ்ந்து கொட்டிவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும்? மருந்து எப்போது தொடங்கும்?

"அண்ணாச்சி, பிரிக்காதிய. அது எம் பிள்ள வெளிக்குப் போனது. டெஸ்டுக்குக் கொண்டு போறேன்."

அண்ணாச்சியின் இரண்டு கையும் மேலே போய் அங்கேயே நின்றன. நான் பெட்டியை வாங்கக் குனிந்தேன். அந்த அக்கா தரவில்லை. நிமிர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தமும் போவுதா?"

ஆமாம் என்றேன். பத்து மணிக்குள் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"இதுக்கா வெக்கப்பட்ட? நாலு பெத்தவ நான். மொதல்லயே சொல்லிருந்தா இன்னும் சூதானமாப் பிடிச்சிருப்பேம்லா."

பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்டாப்பே இல்லாத லேப் முனையில் பஸ் நின்றது. அண்ணாச்சி எனக்கு முன்னால் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சொல்லியிருக்கவே வேண்டாம். வழி எப்போதோ தானாகவே உண்டாகியிருந்தது.

லேபில் இருந்த பெண் மக்ரூன் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டப்பாவில் பெயரும் எடுத்த நேரமும் எழுதவில்லையே என்று மட்டும் சொன்னாள். மறைக்கிற மும்முரத்தில் அதை விட்டிருந்தேன். அவளிடமே பேனா வாங்கி எழுதினேன். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

அன்றே மருந்து தொடங்கினார்கள். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. ஷிகெல்லா என்று ஒரு கிருமியாம். எந்தெந்த மருந்து அதனிடம் பலிக்கும், எது பலிக்காது என்று வரிசையாக அடித்திருந்தார்கள். என் சட்டைப் பையில் இருந்த மாத்திரையின் பெயர் பலிக்காத வரிசையில் இருந்தது. டாக்டரம்மா அதை விரலால் காட்டினார், திட்டவில்லை. அதுவே போதுமாக இருந்தது. ஒரு வாரத்தில் நீங்கள் இருவரும் பழையபடி அடித்துக்கொண்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேனே, சாமான் வாங்க இல்லை. புது மக்ரூன் கால் கிலோ வாங்கிக்கொண்டு, அந்த அக்கா இருப்பாரா என்று அதே பஸ்ஸுக்காக நின்றேன். பஸ் வருவது தெரிந்ததும் கட்டியிருந்த நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன். உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டே ஏறினேன்.