எல்லா அம்புகளும் அவள் பக்கம்

இது நடந்தது. நம்பாதவர்கள் காளிதாஸைக் கேளுங்கள். ஓமலூர் சாலையில் உள்ள ஒரு கல்லூரியின் காந்த ஆய்வுக்கூடத்தில் அவர்தான் டெக்னீஷியன். இன்றும் கம்ப்யூட்டர் அறைக்குள் தனியாகப் போக மாட்டார்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பட்டப்பகல், மணி 2.10. ஆய்வு மாணவி தேவிப்ரியா ஒரு கட்டுரைக்குக் கடைசித் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு படம். தலைமுடியைவிட மெல்லிய காந்த ஊசி ஒன்றைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காந்தம் எந்தெந்தத் திசையில் நிற்கிறது என்று முப்பரிமாணத்தில் காட்டும் படம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அம்புகள். நடுவில் அவை சுழன்று சுழன்று வளையமாக முடிச்சிட்டிருந்தன. அந்த முடிச்சைக் கண்டுபிடித்தவள் அவளுடைய சீனியர் ரஞ்சனி. மூன்று வருட உழைப்பு. இப்போது மூளைக்காய்ச்சல் வந்து, ஒன்பது நாளாகச் சேலம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

போன் அடித்தது. பேராசிரியர் குமரகுரு.

"கட்டுரையில ரஞ்சனி பேரை எடுத்துரும்மா. அவ இனிமே வந்து என்ன பண்ணப் போறா? உன் பேரை முதல்ல போடு."

"சரிங்க சார்."

கை கூசவில்லை. 2.16க்கு எடுத்துவிட்டாள்.

அம்புகள் திரும்பின.

அத்தனையும் அவளைப் பார்த்து. மவுஸால் படத்தைச் சுழற்றினாள். ஊசி சுழன்றது. அம்புகள் அசையவில்லை... அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே. எழுந்து ஜன்னலோரம் போனாள். ஸ்பீக்கரே இல்லாத அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து டிக்... டிக்... டிக்... அம்புகள் வரிசை வரிசையாக அவள் பக்கம் திரும்பின.

"காளிதாஸ் அண்ணா!"

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க... என்னைய உட்டுப்போட்டு உங்களையே பாக்குதுங்க?"

2.31. ரஞ்சனியின் பெயரைத் திரும்ப அடித்தாள்.

அம்புகள் தளர்ந்தன. மெல்ல வளையத்துக்குள் போய் அடங்கின.

மூச்சு வந்தது.

மறுபடியும் போன்.

"அனுப்பியாச்சா? அவ பேரு இருந்தா உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாங்க..." என்றார் காளிதாஸ்.

2.38. அழித்தாள். அனுப்பினாள்.

இந்த முறை எதுவும் திரும்பவில்லை.

வளையம் இல்லை. அம்புகள் இல்லை.

வெறும் கறுப்பு...

மறுநாள் ராசிபுரத்தில் ரஞ்சனி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாள். ரஞ்சனியின் அம்மா சாரதாமணி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் கண்ணு முழிச்சுட்டா சாமி. நர்சம்மா மணியக் குறிச்சாங்க, ரெண்டு முப்பத்தொண்ணு. தண்ணி கேட்டுக் குடிச்சா. இனிப் பொழச்சுக்குவான்னு டாக்டரே சொன்னாருங்க. 'தேவி எம்பேரைப் போட்டுட்டாம்மா'ன்னு சிரிச்சா. ஏழே நிமிசம்..."

அழுகையினூடே, தேவிப்ரியாவின் விரல்களை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கோணும் சாமி."