படித்துறைக் குளிர்

குமரகுருபரனுக்கு மார்கழிக் குளியல் என்றால் உயிர். விவசாயப் பட்டம் வாங்கி, சிப்ஸ் கம்பெனி ஒன்றில் கள அலுவலராகச் சேர்ந்த பிறகும், சேரன்மகாதேவிப் படித்துறையில் விடியுமுன் முங்கி எழுவதை அவர் விடவில்லை. அதுவே வினையாகப் போயிற்று.

சிப்ஸுக்கான உருளைக்கிழங்கு விளையத் தோதான வயல் இந்தப் பக்கம் இருக்கிறதா என்று கம்பெனி பார்க்கச் சொன்னது. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இரவில் வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் செடி இலையாகவே வளரும், கிழங்கு வைக்காது. பத்து நாள் விடியுமுன் அந்தந்த வயலிலேயே வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்ப்பதுதான் முறை.

பார்க்க வேண்டிய வயல், வாழை விவசாயி கருத்தையாவின் செம்மண் மேடு, ஆற்றிலிருந்து ஆறு கிலோமீட்டர். அங்கே போய்த் திரும்பினால் குளியல் போய்விடும். இங்கே அடிக்கிற குளிர்தானே அங்கேயும் அடிக்கும் என்று மனுஷர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். படித்துறை அரசமரத்தில் வெப்பமானியை மாட்டிவிட்டுச் சுகமாகக் குளித்தார். பத்து நாளும் பத்தொன்பது. 'கருத்தையா வயல்' என்று தலைப்புப் போட்டு எழுதி அனுப்பிவிட்டார்.

மறு கார்த்திகையில் கம்பெனி சொன்னதை நம்பிக் கருத்தையா வாழையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கரிலும் உருளை வைத்தார். செடி தளதளவென்று எழுந்தது. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

மாசியில் குமரகுருபரன் பார்த்து நிற்கத் தோண்டினார்கள். முதல் வரிசையில் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு. அடுத்ததில் வெறும் வேர். பத்தாவது வரிசையோடு கருத்தையா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"கம்பெனியில ஒங்கள ஏசுவாங்களே சார். கருத்தையா தண்ணிய அதிகமாப் பாச்சிட்டான்னு எழுதிருங்க," என்றார்.

குமரகுருபரனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. சரியென்று வண்டியை எடுத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்கே உடம்பு கூசியது.

"ஒங்க மேல தப்பில்ல அண்ணாச்சி. நான் இங்கன வந்து பாக்கவே இல்ல. படித்துறையில பாத்து எழுதிட்டேன்."

"தெரியும் சார்," என்றார் கருத்தையா. "மார்கழி பொறந்தா நானும் அங்கனதான குளிக்க வாரேன். நீங்க மரத்துல மாட்டுனதப் பாத்தேன். நம்ம மேட்டுல இந்தக் குளிர் கெடையாதேன்னு தோணிச்சு. படிச்சவிய செய்யுதீங்க, காரணம் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

அன்றே குமரகுருபரன் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். இப்போதெல்லாம் மார்கழியிலும் வீட்டுக் குழாயடியில்தான் குளிக்கிறார். படித்துறைக்குப் போனால் கருத்தையா இருப்பார். "வாங்க சார்" என்று நகர்ந்து இடம் விடுவார். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.