மொத்தம் சரியாகத்தான் இருந்தது

ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிகிற வாரத்தில்தான் அந்தச் சோதனை வந்தது. அது ஒழுங்காக ஓடிவிட்டால் வேலை நிரந்தரம் என்று எங்கள் டீம் லீட் அக்கா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். "நானும் செக்கிங்தாம்மா" என்றேன். "அதுக்கா சாமி இத்தன படிச்ச?" என்றார்.

பனியன் கம்பெனிகளுக்காக நாங்கள் ஒரு இணையப் பக்கம் செய்திருந்தோம். ஒரு ஆர்டரில் எந்த சைஸ் எத்தனை பீஸ் வெட்ட வேண்டும் என்பதை அதில் போட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தானாகவே திறந்து, எண்களை நிரப்பி, சேமித்துப் பார்க்கிற ஸ்கிரிப்ட் எழுதுவது என் பொறுப்பு. எண்களைப் போடுகிற பெட்டிகள் அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே இருக்காது. ஆர்டரைத் திறக்கிற நொடியில்தான் சைஸுக்கு ஒன்றாக, மேலே சைஸின் தலைப்போடு உருவாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி, அதாவது அடையாள எண், உண்டு. அதுவும் திறக்கிறபோதெல்லாம் மாறும். நேற்றைய ஐடியை இன்றைக்குத் தேடினால், அப்படி ஒன்று இல்லையென்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இரண்டு வாரம் அப்படியே நின்றது. கடைசியில் ஐடியை விட்டுவிட்டு, முதல் பெட்டி ஸ்மால், அடுத்தது மீடியம், பிறகு லார்ஜ், எக்ஸ்எல் என்று இடத்தை வைத்து எழுதினேன். ஓடியது. சேமித்த பின் மொத்தம் சரிதானா என்று மட்டும் ஸ்கிரிப்ட்டைப் பார்க்கச் சொன்னேன்.

வாடிக்கையாளர் கம்பெனி வீரபாண்டியில். மறுநாள் காலை அவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்துத் துணி வெட்டத் தொடங்குவதாக ஏற்பாடு. அதற்கு முன் அவர்களுடைய ஆர்டர்களையே போட்டுச் சோதித்துப் பார்க்க லேப்டாப்போடு போனேன். கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, ஆளே தொடாம அதுவே டைப் அடிக்குதுங்களே."

"ஸ்கிரிப்ட்டுங்க மாஸ்டர்."

"துணி வெட்றதுக்கும் ஒண்ணு எழுதிப்போடாதீங்க. அப்பறம் நான் கோயில் வாசல்லதான் உக்காரோணும்."

எல்லா ஆர்டரும் பச்சை. ரிப்போர்ட்டை அனுப்பியதும் அக்கா கூப்பிட்டார். "எல்லாம் பாஸா? நல்லது. நாளைக்கே உன் பர்மனன்ட் லெட்டரைப் போடச் சொல்றேன்."

சேமிக்கும் முன் ஸ்கிரிப்ட் பக்கத்தைப் படம் எடுத்து வைக்கும். சந்தோஷத்தில் சும்மா ஒன்றைத் திறந்தேன். தலைப்புகள் லார்ஜ், மீடியம், எக்ஸ்எல், ஸ்மால் என்று இருந்தன. லார்ஜுக்குக் கீழே ஸ்மாலின் எண்.

"மாஸ்டர், ஆர்டர் எழுதறப்ப சைஸை எப்பவும் இந்த வரிசையிலதான் எழுதுவீங்களா?"

"அதிகம் போற சைஸு மொதல்லீங்க. துணி விரிக்கறப்ப அதுதானுங்க கண்ணுல படோணும். என்ற கைப்பழக்கம்."

அவர் எழுதிய வரிசையிலேயே பக்கம் பெட்டிகளை உருவாக்கியிருக்கிறது. நான் எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டினால் மொத்தம் ஒன்றுதான். அதனால்தான் பச்சை.

டீ வந்தது. ஓரமாக வைத்தேன். தப்பு என் ஸ்கிரிப்ட்டில்தானே, பக்கம் சரியாக இருக்கும், லெட்டர் வந்த பிறகு சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. பக்கம் சரி என்று யார் பார்த்தார்கள் என்றும் தோன்றியது. பார்க்க வேண்டியவன் நான். நாளைக்கு வெட்டிய துணியை யாராலும் ஒட்ட முடியாது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க."

"என்னடா சொல்ற? கம்பெனிக்கே அனுப்பிட்டேனே."

சொன்னேன். "சரி, அங்கயே இரு. திருத்தி ஓட்டு" என்றார்.

பக்கம் திறந்ததும் முதலில் தலைப்புகளைப் படிக்க ஸ்கிரிப்ட்டுக்குச் சொன்னேன். லார்ஜ் எங்கே வருகிறதோ, அதற்குக் கீழே உள்ள பெட்டிதான் லார்ஜ். சேமித்த பின் ஒவ்வொரு சைஸாகச் சரிபார்க்கவும் சொன்னேன். ஓட்டினேன். எல்லாம் சிவப்பு. மறுபடியும் நானே ஏதோ கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஸ்கிரிப்ட்டை மூடிவிட்டு ஒரு ஆர்டரைக் கையாலேயே அடித்துச் சேமித்துத் திறந்தேன். லார்ஜின் எண் ஸ்மாலில் இருந்தது. பக்கத்தை எழுதியவரும் என்னைப் போலவே முதல் பெட்டியை ஸ்மால் என்று நினைத்திருக்கிறார். என் தப்பு அவர் தப்பை மூடி வைத்திருந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இத வெச்சு ஸ்மாலா வெட்டித் தள்ளியிருந்தா, மொதலாளி என்னையத்தானுங்க வெட்டியிருப்பாரு." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெட்டுவது தள்ளிப்போனது. மறுநாள் எங்கள் மேனேஜர் கூப்பிட்டார். "கண்டுபிடிச்சது சரி. பாக்காம பாஸ்னு அனுப்புனதும் நீதானே?" பயிற்சிக்காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அக்கா எனக்காகப் பேசிப் பார்த்தார்; நடக்கவில்லை. நீட்டித்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. லெட்டர் என்னாச்சு என்று அம்மாவே கேட்டார்.

"மூணு மாசம் கழிச்சுத்தாம்மா லெட்டர்."

"ஏங்கண்ணு?"

"பாஸ் போட்டதை நானே ரிட்டன் எடுத்தேன்."

"எடுக்காம உட்டிருந்தா?"

"துணி பூரா வீணாப் போயிருக்கும்."

அம்மா எனக்குத் தட்டை எடுத்து வைத்தார். "வேல இருக்குதல்ல?"

"இருக்குதும்மா."

"அப்பறமென்ன, கையக் கழுவிட்டு வா."