வேப்பிலையைத் தாண்டி வந்த அக்கா

எங்கள் அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை அவர் ஒருமுறையாவது சந்தேகித்திருப்பார். மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், உடன்பிறந்த என்னையே தினமும் சந்தேகித்தவர் அவர்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. எங்கள் கடைசித் தம்பிக்கு உடம்பெல்லாம் சிவந்தபோது, அம்மை என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். தம்பி பிழைக்கவில்லை. அது அம்மைதானா என்று அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு குழந்தைகளின் தோலில் எது தெரிந்தாலும் அவருக்குச் சந்தேகம்தான். வேர்க்குருவைச் சிரங்கு என்பார். கொசுக்கடிக்குப் புதுச் சவர்க்காரத்தின்மேல் பழி போடுவார். ஈப்போவில் எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் அவரைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

என் மகள் நடை பழகிய வயதில், காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் வந்தன. என் மாமியார் அம்மை என்று முடிவுசெய்து வாசலில் வேப்பிலை கட்டினார். அப்படிக் கட்டிய வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது, மருந்தும் கூடாது. அக்கா நேராக உள்ளே வந்துவிட்டார்.

“ஆத்தா இறங்கியிருக்கா. உள்ள வராத லா,” என்று மாமியார் தடுத்தார்.

“அம்மைன்னா கொப்புளத்துல தண்ணி கோக்கணும் அத்தை. மணல்வாரின்னா அழுத்துனா மங்கணும். இது எனக்கு நல்லாப் படல.”

கண்ணாடிக் கிளாஸை என் மகளின் தொடையில் அழுத்தினார். சுற்றியிருந்த தோல் வெளுத்தது. புள்ளிகள் மங்கவே இல்லை.

“பாத்தியாடி, அப்படியே நிக்கிது. புள்ளைய தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

டெங்கி என்றார்கள். தோலுக்கடியில் இரத்தம் கசிந்த புள்ளிகளாம். மறுநாள்வரை பார்த்திருந்தால் பிள்ளை கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். அக்கா அந்த டாக்டரையும் நம்பவில்லை. மகள் கண் விழித்துச் சோறு கேட்கும்வரை கட்டிலருகிலேயே நின்றார்.

அக்கா நோயில் படுத்தபோது பார்த்துக்கொண்ட தாதியருக்கும், லகாட்டிலிருந்து வந்து காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி மாதங்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த என் மாமியாருக்குத் தனி நன்றி. அந்தக் கஞ்சியையும் அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அக்காவுக்கு நன்றி சொல்ல ஒரே ஒருமுறை முயன்றேன். “என்னடி திடீர்னு? என்ன வேணும் உனக்கு?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒன்றும் வேண்டாம், அக்கா. பிள்ளை இருக்கிறாள்.