நிமிர்ந்து நின்ற மயில்கள்

சாத்தூரில் பைரோஜாவின் பெயர் தெரியாத பெண்கள்கூட அவள் கைவேலையைத் தலையில் சூடியிருப்பார்கள். பாசிமணி கோத்த கொண்டை ஊசி, ஜடைப்பூ, குருவி உட்கார்ந்த கிளிப் எல்லாம் அவள் வீட்டிலிருந்துதான் கடைகளுக்குப் போகும். கணவன் சம்சு பழுதான மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றி, காயில் கட்டுகிறவன். அவன் கடையில் மிஞ்சுகிற செம்புக் கம்பியில்தான் பன்னிரண்டு வருசமாக அவள் பாசி கோத்தாள். தலைமுடி மாதிரி மெலிசு, இழுத்த இழுப்புக்கு வரும். அதைவிட நல்ல கம்பி ஒன்று இருக்கும் என்று அவள் யோசித்ததேயில்லை.

போன தை மாசம் இருக்கன்குடிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி பெத்தணன், மகள் கற்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கற்பகவல்லிக்குக் கல்யாணம். ஐம்பத்தொரு சீர்த்தட்டு. தட்டுக்கு ஒன்றாக, விரல் உயரத்துக்கு ஒரு பாசி மயில் நிற்க வேண்டும்.

“படுத்த மயிலு வேண்டாங்க்கா. கழுத்த நிமுத்தி, தோகைய விரிச்சு நிக்கணும்” என்றாள் கற்பகவல்லி.

“அம்புட்டுத்தானே? மாதிரிக்கு ஒண்ணு நாளைக்கே தாரேன்” என்றாள் பைரோஜா.

மறுநாள் கொடுத்த மயில் அழகாகத்தான் இருந்தது. அது பெத்தணனுடைய பைக்கில் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“தாயி, தப்பா நெனைக்காதீக. ஒங்க மயிலு தலையத் தொங்கப் போட்டுருச்சு. கல்யாண வீட்டுக்கு வார மயிலு எளவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கலாமா?”

பைரோஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது. ஜடைப்பூவுக்குத் தாங்க முடி இருக்கிறது. மயிலுக்கு அதன் முதுகெலும்பைத் தவிர வேறு துணை ஏது? செம்புக் கம்பி அதற்கு ஆகாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

சம்சு தடித்த செம்புக் கம்பி கொண்டுவந்தான். பாசியின் துளைக்குள் அது நுழையவேயில்லை. “பாசியப் பெருசா வாங்கேன்” என்றான். “பெரிய பாசியில செஞ்சா அது மயிலா இருக்காது, வான்கோளியாத்தான் இருக்கும்” என்றாள்.

அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த தங்கத்தாய், தாயில்பட்டியில் கம்பி மத்தாப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். மருந்து முக்காத வெறுங்கம்பியாக ஒரு பிடி கேட்டு வாங்கி வந்தாள். “விறைப்புன்னா இதாண்டி விறைப்பு” என்று பெருமையோடு நீட்டினாள். விறைப்புதான். கொறடு போட்டு மல்லுக்கட்டிக் கழுத்தை வளைத்ததில் பைரோஜாவின் கட்டைவிரல் கொப்பளித்தது. மயில் கொக்காகிவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால் கைவேர்வை பட்ட இடமெல்லாம் துரு. வெள்ளைப் பாசி காவி கட்டியிருந்தது. தங்கத்தாயே அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத மத்தாப்பாவே கொளுத்திரலாம்” என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆனாலும் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

பாசியைப் பொட்டலம் கட்டக் காகிதம் வேண்டியிருந்தது. மகள் முஹ்சினாவின் பழைய நோட்டு ஒன்றைப் பிரித்தபோது நடுவில் தாள்களைப் பிடித்திருந்த கம்பிப் பின் பைரோஜாவின் விரலில் குத்தியது. எடுத்துப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு நோட்டு. முஹ்சினா இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பின்னில் பொட்டுத் துரு இல்லை. வளைத்தாள், வளைந்தது. விட்டாள், துள்ளவில்லை, தொங்கவும் இல்லை. வளைத்த இடத்திலேயே நின்றது. ஒரு பாசியை எடுத்துக் கோத்தாள். ‘சரக்’ என்று இறங்கியது.

அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்குப் போனாள். அச்சகங்களுக்குச் சாமான் விற்கிற இக்பால் கடையில் ஏறி, நோட்டுத் தைக்கிற கம்பி வேண்டும் என்றாள்.

“எந்த மெசினுக்கும்மா?”

“மெசினுக்கு இல்லண்ணே, மயிலுக்கு.”

இக்பால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் பைக்குள்ளிருந்து, பெத்தணன் திருப்பி அனுப்பிய துவண்ட மயிலையும் துருப்பிடித்த கொக்கையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் மூன்று கேஜில், அதாவது மூன்று பருமனில், மூன்று ரீலை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி, அவள் மூன்று சோதனை வைத்தாள். பாசிக்குள் நுழைகிறதா? ஒரு நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் தொங்காமல் நிற்கிறதா? ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் எத்தனை மடக்குக்கு ஒடிகிறது? மெலிந்தது தொங்கியது. தடித்தது பாசிக்குள் போகவில்லை. இருபத்தினாலு கேஜ் எல்லாவற்றிலும் தேறியது.

“முப்பது வருசமா விக்கேன். ஒரு கம்பெனிக்காரனும் இப்படிப் பரீட்ச வச்சதில்ல” என்று இக்பால் டீ வரவழைத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் மயிலை முழுக்கப் புதுக் கம்பியிலேயே கட்டினாள். கழுத்து ஜோராக நின்றது, தோகைதான் ஈர்க்குமாறு மாதிரி முறைத்தது. பிரித்துப்போட்டு, முதுகுக்கும் காலுக்கும் நோட்டுக் கம்பி, தோகைக்கு மட்டும் சம்சு கடைச் செம்புக் கம்பி என்று மாற்றிக் கட்டினாள். சம்சு அதைக் கையில் பிடித்து, மேடுபள்ளமான ரோடாகப் பார்த்துப் பைக்கில் ஒரு சுற்றுப் போய்வந்தான்.

“தோக ஆடுது, தல ஆடல. நீ கட்டு பைரோஜா” என்றான்.

கல்யாணத்தன்று ஐம்பத்தொரு மயிலும் தட்டுகளில் ஊர்வலமாக வந்தன. வெயிலில் பாசி மின்னியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பலகாரத்தை விட்டுவிட்டு மயிலைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். பெத்தணன் பந்தியில் பைரோஜாவின் இலைக்கு முன்னால் வந்து நின்று, “தாயி, மாப்பிள்ளய விட ஒங்க மயிலு நல்லா நிமிந்து நிக்கி” என்றார். பக்கத்து இலையில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் புரையேறியது.

அதற்கப்புறம் அவளுக்குக் கல்யாண சீசன் என்றால் கை ஒழிவதில்லை. கிளி, அன்னம், ஒருமுறை யாரோ கேட்டார்கள் என்று டிராக்டர்கூடக் கட்டிக் கொடுத்தாள்.

போன வாரம் கற்பகவல்லி வந்தாள். ஏழு மாசம்.

“அக்கா, தொட்டிலுக்கு மேல தொங்கவிட நாலு கிளி வேணும். அதே கம்பியிலதானே செய்வீக?”

பைரோஜா கம்பி ரீலை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தையல் பெட்டியைத் திறந்தாள்.

“பச்சப்புள்ள கையெட்டுற எடத்துல கம்பியும் ஆகாது, பாசியும் ஆகாது. துணியில தச்சுத் தாரேன். கலரச் சொல்லு.”