எதிரே யாரும் வரவில்லை

இன்று வேங்கிக்கால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கணக்கு சார். எண்பதுகளில் கிளார்க் பரீட்சைக்கு எங்களுக்கு டியூஷன் எடுத்தவர். வெளியூர்க்காரர், ரிட்டையர் ஆனபின் இங்கேயே தங்கிவிட்டார்.

அன்று அவர் கொடுத்த கணக்கு: வட்டப்பாதையில் இருவர் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகப் புறப்படுகிறார்கள். வேக விகிதம் 3:2. மறுபடி எங்கே சந்திப்பார்கள்?

'புறப்பட்ட இடத்திலேயே' என்று எழுதினேன். தப்பு என்று அடித்தார்.

"எதிரெதிரா போறாங்கம்மா. அஞ்சுல மூணு பங்கு தூரத்துல பாத்துக்குவாங்க."

"எதிரெதிரானு கேள்வியில இல்லியே சார்? எங்க ஊர்ல கிரிவலத்துல மலைய எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்துவாங்க. வேகமா போறவரு மூணு சுத்து முடிக்கும்போது மத்தவரு ரெண்டு முடிப்பாரு."

"பரீட்சையில உங்க மலை வராது. உக்காரும்மா."

உட்கார்ந்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று அவரே ஆரம்பித்தார். "பௌர்ணமிக்கு மலை சுத்துனேன்மா, கால் வலி ஜாஸ்தி."

"எதிர்ல யாராவது வந்தாங்களா சார்?"

என்னை உற்றுப் பார்த்தார். "அட, நீயா!"

"நானேதான். மார்க்கைப் போடுங்க."

கலெக்டர் ஆபீசுக்கு டிக்கெட் எடுத்திருந்த சார், முந்தின ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிவிட்டார்.

எனக்கு மார்க் உண்டா இல்லையா, சொல்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும்.