பெலார்மினோ மரத்துப் பூ

ஞாயிறு பூசை நேரத்தில், ஊரே தேவாலயத்துக்குள் இருக்க, தபால்காரி டியோலிண்டா ஏணி போட்டு பெலார்மினோவின் செஸ்ட்நட் மரத்தில் திருடினாள் என்று போன ஜூனில் ஒரு வதந்தி. காய் விழ இன்னும் நாலு மாதம் கிடக்கும்போது அந்த மரத்தில் திருட என்ன இருக்கிறது? மதுக்கடையில் விசாரித்தால் சொல்லச் சொல்ல ஏணிதான் நீண்டது. குறிப்பு நோட்டோடு நேரே அவள் வீட்டுக்கே போனேன்.

"ஆமா, திருடுனேன். பூக்கிளை. நாலு," என்றாள் கதவைத் திறந்தபடியே. "எட்டுன்னு எழுதிடாதே."

பத்து வருடம் முன்பு, வேர் கறுத்து மைபோல் நீர் கசியும் நோய் எங்கள் பள்ளத்தாக்கின் மரங்களைத் தின்றது. டியோலிண்டாவின் பதினொரு மரமும் போயின. மேட்டுக்கு அந்தப் பக்கம் பெலார்மினோவின் கிழட்டு நாட்டு மரம் ஒன்றுதான் தப்பியது. தப்பியது மரம், மார்தட்டிக்கொண்டது அவர். மற்றவர்கள் பைன் வைத்தார்கள். டியோலிண்டா மட்டும் நோய் தாங்கும் ஹைபிரிட் கன்று ஒன்றை நட்டாள்: பாதி நம்மூர், பாதி ஜப்பான்.

"அதுல ஒரு கொட்டை விளையட்டும், நானே சுட்டு, நானே தோலுரிச்சு உன் வாயில ஊட்டுறேன்," என்று பெலார்மினோ மதுக்கடையில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

நாலாம் வருடம் கொட்டையைப் பொதியும் முள்ளுறைகள் வந்தன. பிளந்தால் பொக்கு. மறு வருடமும் பொக்கு. ஆறு வருடம் இப்படியே.

"டியோலிண்டா, உன் மரம் வெறும் கவரைத்தான் அனுப்புது. உள்ள கடுதாசியக் காணோமே!" என்று மதுக்கடை சிரித்தது.

தம்பி அமாதேயு ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு வைத்தான். "இந்த வருஷமும் பொக்குன்னா வெட்டிடுவேன் அக்கா."

அவளும் சரி என்றுவிட்டாள்.

அப்புறம்தான் அவள் தன் தபால் பையைக் கவனித்தாள். பூக்காலத்தில் பெலார்மினோ மரத்தடியில் நடந்தால் பை மஞ்சளாகும். தன் மரத்தடியில் நின்றால் ஒரு பொட்டு மஞ்சள் ஒட்டவில்லை. நாற்று விற்றவருக்குப் போன் போட்டாள்.

"அந்த ரகத்துக்கு மகரந்தம் கிடையாதும்மா. பக்கத்துல வேற மரம் இருந்தாப் போதும். உங்க ஊர்லதான் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்குமே?"

இருந்தது, நோய்க்கு முன்னால். மிஞ்சிய ஒரு மரத்தின் மகரந்தமோ மேடு தாண்டி வரவில்லை.

"அவரிடம் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா குடுப்பான். குடுத்துட்டு, சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பான்."

திருடிய கிளைகள் வாளித் தண்ணீரில் நின்று, அவள் மரத்தின் நாலு பக்கமும் தொங்கின. ஊர் அதைப் பார்த்து ஒரு மாதம் சிரித்தது. செப்டம்பர் கடைசியில், பெலார்மினோ மரத்துக்கு மூன்று வாரம் முந்தி, உறைகள் வெடித்தன. உள்ளங்கையில் மூன்று கொட்டை வைத்தால் நாலாவதுக்கு இடமில்லை. நாலு கூடை. அமாதேயு ரம்பத்தைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, கூடை சுமக்க வந்தான்.

நவம்பரில், ஊர் கூடிக் கொட்டை சுடும் மார்ட்டின் திருநாள் நெருப்புக்கு அவள் ஒரு கூடையைத் தலையில் வைத்துத் தெருவின் நட்டநடுவே நடந்து வந்தாள். அன்று அவள் நடையைப் பார்த்து ஆயர்கூட ஒதுங்கியிருப்பார்.

பெலார்மினோ ஒன்றை எடுத்துச் சுட்டார். "அப்பன் என் மரம், தெரியுமில்ல?"

"அப்பனா? அந்த அப்பனை வாளியில தூக்கிட்டு வந்தது நான். பத்து வருஷம் தண்ணி ஊத்துனது யாரு? சும்மா பேசாம உரி!"

"மொதல்ல, பூ வேணும்னு ஒரு வார்த்தை கேளு. உரிக்கிறேன்."

"மொதல்ல நீ உரி. கேக்குறேன்."

அவர் கையிலேயே கொட்டை ஆறியது. கடைசியில் கல்மேல் வைத்துவிட்டு வைன் ஊற்றப் போனார். கேட்பாரற்றுக் கிடந்த அதை யாரோ தின்றுவிட்டார்கள். நல்ல இனிப்பு.

இப்போது மே மாதம். டியோலிண்டா இன்னும் ஆறு கன்று நட்டிருக்கிறாள். அமாதேயுதான் குழி வெட்டினான். பெலார்மினோவோ தன் ஏணிக்குப் புதுப் படி அடித்து மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார், கேட்டால் கவாத்துக்காம், பூக்கப்போகிற மரத்துக்கு. தினமும் தபால் பையோடு அதைக் கடக்கிறாள் அவள்.

"ஏணி நல்லாத்தான் இருக்கு," என்றாள் நேற்று என்னிடம். "ஆனா அவன் இன்னும் உரிக்கல."

பூக்க இன்னும் மூன்று வாரம்.